ஒன்றை மாற்றிப் பார்த்தால்

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது மங்கலம்பேட்டை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இறங்காமலே கடந்துபோகும் பேரூர். இங்கிருந்து வடக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போனால் கூவாகம். தெற்கே விருத்தாசலம் போய்க் கிழக்கே திரும்பினால் கம்மாபுரம், முதனை. இன்னும் போனால் சிதம்பரம். இந்தச் சிறு வட்டாரத்திலிருந்து மூன்று கதைகள் தமிழ்நாடு முழுவதும் போயிருக்கின்றன. தில்லைக்குப் போன நந்தன் கதை கீர்த்தனையாகவும் திரைப்படமாகவும் போயிற்று. கூவாகத்து அரவான் கதை சித்திரை தோறும் பத்திரிகைப் படமாகவும் தொலைக்காட்சிச் செய்தியாகவும் போகிறது. முதனை ராசாக்கண்ணுவின் கதை 2021இல் ‘ஜெய் பீம்’ என்ற பெயரில் கைபேசித் திரைவரை போனது.

மூன்றுமே எதிர்வுகளால் கட்டப்பட்ட கதைகள். கோயிலுக்கு உள்ளே, வெளியே, ஆண், பெண், குடிசை, காவல் நிலையம். இதை எடுத்துச் சொல்வதில் பெரிய ஆய்வு ஒன்றும் இல்லை. அந்த எதிர்வுகளில் ஒரு முனையை மாற்றினால் கதைக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. இந்த மூன்று கதைகளிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு முனையை மாற்றியிருக்கிறார்.

அமைப்பியலின் அடிப்படை எளிமையானது. எந்தக் குறிக்கும் தனியாக அர்த்தம் கிடையாது. இன்னொன்றிலிருந்து வேறுபடுவதால்தான் அர்த்தம் வருகிறது. சுவிட்சர்லாந்தின் மொழியறிஞர் ஃபெர்தினான் த சொசூர் ஜெனீவாவில் வகுப்பெடுத்தபோது சொன்னது இது. அவர் 1913இல் இறந்த பிறகு, உடன் பணியாற்றிய இருவர் மாணவர்களின் குறிப்பேடுகளைத் தொகுத்து 1916இல் நூலாக்கினார்கள். ‘கல்’ என்பதில் கடைசி ஒலியை மாற்றினால் ‘கள்’. லகர ளகர வேறுபாட்டைக் காதில் வாங்காதவருக்குக் கொத்தனாரும் மரமேறியும் ஒரே பண்டத்தைத் தேடுகிறவர்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் செய்து பழகியதும் இந்தச் சோதனையைத்தான். ஓர் ஒலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார். பொருள் மாறினால் இரண்டும் தனித்தனி ஒலியன்கள். மாறாவிட்டால் வேறுபாடு காதுக்கு மட்டும்தான், மொழிக்கு அல்ல.

இரண்டாம் உலகப்போரின்போது நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்திருந்த ரோமன் யாக்கப்சனிடம் இந்த ஒலியியலைக் கற்றுக்கொண்ட குளோத் லெவி-ஸ்த்ராஸ் அதைத் தொன்மங்களுக்குக் கொண்டுபோனார். 1955இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: தொன்மம், தீர்க்க முடியாத ஓர் எதிர்வை எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவதை நிறுத்திச் சமாளிக்கப் பார்க்கிறது. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே வேட்டை. தாவரம் தின்னும் விலங்குக்கும் வேட்டையாடும் விலங்குக்கும் நடுவே, கொல்லாமல் பிணம் தின்னும் காக்கை. ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் மல்யுத்தம், சலவைத்தூள் விளம்பரம், பத்திரிகை அட்டைப்படம் என்று அன்றாட ஊடகங்களை இதே கண்ணால் பார்த்தார். ஒலியைப் போலவே உடையையும் படத்தையும் மாற்றி வைத்துச் சோதிக்கலாம் என்று பிறகு எழுதினார். மாற்றுச் சோதனை என்று அதைச் சொல்லலாம்.

தமிழுக்கு இது முழுக்கப் புதிதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்துக்கு ஏழு, புறத்துக்கு ஏழு என்று வகுத்து, ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்கு எதிரில் நிறுத்துகிறது. வெட்சிக்குக் குறிஞ்சி, வஞ்சிக்கு முல்லை, உழிஞைக்கு மருதம், தும்பைக்கு நெய்தல், வாகைக்குப் பாலை. மாடு கவரும் வெட்சிப் போரையும் இரவில் நடக்கும் குறிஞ்சிக் களவையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். 1982இல் தமிழவன் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ நூலை வெளியிட்டபோது சிறுபத்திரிகை உலகம் மிரண்டது. நடை கடினம் என்று சிலர், மேற்கத்திய இறக்குமதி என்று சிலர். ஆனால் எதிரெதிர் நிறுத்திப் பொருள் காணும் பழக்கம் இங்கே இலக்கணத்திலேயே இருந்தது.

அது மேடையிலும் இருந்தது. பட்டிமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் வழியாக வளர்ந்து, பண்டிகைக் காலைத் தொலைக்காட்சி வரைக்கும் வந்த வடிவம். கும்பகருணனா வீடணனா, மாமியாரா மருமகளா. நடுவர் நடுவில். இரண்டு அணியையும் பேசவிட்டு, கடைசியில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கோணாத ஒரு தீர்ப்பு. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நீயா நானா’ அதே வடிவத்தில் பேச்சாளர்களின் இடத்தில் பொதுமக்களை உட்கார வைத்தது. எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவே நடமாடும் கோபிநாத். இதில் வேடிக்கை என்னவென்றால், அரங்குக்கு வருவதற்கு முன்பு அந்த இரண்டு வரிசைகள் எங்கும் கிடையாது. மருமகளாக உட்கார்ந்திருப்பவரே அடுத்த வாரம் இன்னொரு தலைப்பில் எதிர் வரிசையில் உட்காரலாம். தலைப்புதான் மனிதர்களைப் பிரிக்கிறது.

அமைப்பியலின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. எதை எடுத்தாலும் இரண்டாகப் பிளந்துவிடலாம். நாயகன் வில்லன், கிராமம் நகரம், வெள்ளை கறுப்பு என்று ஒரு பட்டியல் போட்டு ‘இருமை எதிர்வுகள்’ என்று தலைப்பிட்டுவிட்டால் கல்லூரித் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். பட்டியல் போட்டவர் கண்ட எதிர்வா, கதையில் உண்மையிலேயே இயங்கும் எதிர்வா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இருக்காது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் இராமனையும் இராவணனையும் தலைகீழாக்கியது. 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ நாயகனுக்குக் கறுப்பையும் எதிரிக்கு வெள்ளையையும் உடுத்தியது. இரண்டும் துணிச்சலான செயல்கள்தான். ஆனால் மதிப்பு இடம் மாறியதே தவிர, எதிர்வு அப்படியே நின்றது. ஒரு முனையில் இருந்தவரை அகற்றி வேறொருவரை வைக்கும்போது, அல்லது நடுவில் இருந்தவரை வெட்டும்போது நடப்பது வேறு. அதைப் பார்க்க நந்தனிடம் போக வேண்டும். அங்கே ஒரே கதையின் பல வடிவங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். அவர் செய்த தொண்டு என்னவென்று சேக்கிழார் குறிப்பாகச் சொல்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். மூன்றும் மாட்டின் உடலிலிருந்து வருபவை. கருவறைக்குப் பக்கத்தில் அவர் கொடுத்த தோல் அதிர்கிறது, நரம்பு இசைக்கிறது, கோரோசனை மணக்கிறது. கொடுத்தவர் மதிலுக்கு வெளியே நிற்கிறார். உள், வெளி என்ற எதிர்வை இதைவிடக் கூர்மையாக எந்த நவீன எழுத்தாளரும் சொல்லிவிட முடியாது. பொருளுக்குத் தீட்டு இல்லை, ஆளுக்கு உண்டு.

திருப்புன்கூரில் எதிர்வு ஒருவகையில் சமாளிக்கப்படுகிறது. நந்தன் உள்ளே போகவில்லை, சிவன் வெளியே வரவில்லை. நடுவில் மறைத்துக்கொண்டிருந்த நந்தி விலகுகிறது. இன்றைக்கும் வைத்தீசுவரன்கோயில் பக்கத்துத் திருப்புன்கூரில் நந்தி நேர்கோட்டை விட்டு ஒதுங்கித்தான் இருக்கிறது. தில்லையில் அந்த வழி கிடைக்கவில்லை. அங்கே நடுவில் வந்தது தீ. அதில் மூழ்கி எழுந்தவர் பூணூலும் சடையுமாக முனிவர் கோலத்தில் எழுந்தார். வெளியே இருந்தவர் வெளியே இருந்தவராகவே உள்ளே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்வு உடையவில்லை, ஆள்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றப்பட்டார்.

பெரியபுராணத்தில் இல்லாத ஒருவர் இந்தக் கதைக்குள் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து வருகிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் வரும் பண்ணைக்கார வேதியர்தான் அவர். சேக்கிழாரின் நந்தனைத் தடுத்தது தன் பிறப்பு பற்றிய எண்ணம். பாரதியாரின் நந்தனைத் தடுப்பது முதலாளி. நாற்பது வேலி நிலத்துப் பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவனருளால் வேலை ஒரே இரவில் முடிகிறது. அதுவரை தீட்டு, பக்தி என்ற தளத்தில் இருந்த எதிர்வு இப்போது நிலம், கூலி, அனுமதி என்ற தளத்துக்கு வந்துவிட்டது. ஒரு பாத்திரம் சேர்ந்ததும் நாயன்மார் கதை பண்ணையாள் கதையாயிற்று. சேரிப் பெரியவர்களையும் பாரதியார் சேர்த்தார். நம் சாமிகளை விட்டுவிட்டுச் சிதம்பரம் எதற்கு என்று அவர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், வேதியர் மறுபக்கம். நந்தன் நடுவில்.

இந்த மாற்றத்தின் கனத்தை முதலில் உணர்ந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த பாரதியாரைப் பலமுறை அலையவிட்டார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் ஒரு காரணம், பெரியபுராணத்திலிருந்து விலகியது இன்னொன்று. ஒருநாள் காத்திருந்த பாரதியார் தன்னை மறந்து பாடியதைக் கேட்டு மனம் இளகிப் பாயிரம் கொடுத்தாராம். இலக்கணம் தோற்றது, இசை வென்றது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். பிள்ளையவர்களின் தயக்கத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது. பாரதியார் பாட்டில் செய்தது வெறும் அலங்காரம் இல்லை, கதையின் அச்சையே மாற்றியது என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

திரைப்படம் எடுத்துக்கொண்டது சேக்கிழாரை அல்ல, பாரதியாரை. 1935 ‘நந்தனா’ரில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாகவும் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தார்கள். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று ஊர்ப்பேச்சு. படத்தில் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி கேலியாக எழுதினார். கேலி போகட்டும். ஒரு பெண் குரலையும் ஓர் ஆண் வித்துவானையும் எதிரெதிர் நிறுத்தியபோது, சாதி எதிர்வின் மேல் ஆண் பெண் எதிர்வும் ஏறிக்கொண்டது. 1942இல் ஜெமினியின் ‘நந்தனா’ரில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். ஆள் மாறினாலும் அச்சு பாரதியார் போட்ட அச்சுதான். இன்று நந்தன் கதை தெரிந்த பலருக்கு வேதியர் இல்லாத நந்தனை நினைத்துப் பார்க்கவே முடியாது.

புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ கதையை அதே ஆதனூரில் வைத்தார். காந்தியவாதியான அக்கிரகாரத்து இளைஞன் ஒருபுறம், சுயமரியாதைக்காரனாகத் திரும்பிவந்த சேரி இளைஞன் மறுபுறம். தண்டவாளத்தில் வந்துவிட்ட கிழவரைக் காப்பாற்ற இருவரும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடுகிறார்கள். ரயில் மூவரையும் கொன்றுவிடுகிறது. நடுவே வைத்துச் சமாளிக்க எதுவுமில்லை என்று சொன்ன முதல் நந்தன் கதை இது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ தெய்வச் செயலாக இல்லாமல் மேல்சாதியாரின் சூழ்ச்சியாகிறது. தீ என்ற ஒரே குறியின் பொருளை மாற்றினார், கதை கொலை வழக்காகிவிட்டது.

தில்லையிலிருந்து கூவாகத்துக்கு வந்தால் எதிர்வு உடம்பிலேயே இருக்கிறது. அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் களப்பலிக்கு ஒப்புக்கொள்கிறான். சாவதற்கு முன் ஒருநாளாவது திருமணம் வேண்டும் என்கிறான். மறுநாள் விதவையாகப் பெண் யாரும் வராததால் கண்ணனே மோகினியாகி மணக்கிறான். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் அழுகளத்துக்குப் போகிறது. தாலி அறுத்து, வளையல் உடைத்து, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். மணமும் சாவும், இரவும் பகலும், வண்ணமும் வெள்ளையும் என்று லெவி-ஸ்த்ராஸ் வந்திருந்தால் குறிப்பேடு நிரம்பியிருக்கும்.

பத்திரிகைகளுக்கும் அது நன்றாகத் தெரியும். ஆண்டுதோறும் பெரும்பாலும் இரண்டே வகைப் படங்கள் வருகின்றன: முதல்நாள் தாலி கட்டும் சிரிப்பு, மறுநாள் தாலி அறுக்கும் அழுகை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தலைப்பு தானே எழுதிக்கொள்ளும். படத்தில் வராதவர்கள் யார்? சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்கள். வேண்டுதலுக்காக அவர்களும் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுக்கிறார்கள். மனைவி மக்களோடு வாழும் விவசாயிகள், சிறுவர்கள்கூட. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் உட்படப் பலரும் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். இந்த ஆண்களைப் படத்துக்குள் கொண்டுவந்தால் ‘நாம்’ ஒருபுறம், ‘வினோதமான அவர்கள்’ மறுபுறம் என்ற செய்தியின் அமைப்பு நிற்காது. ஒருநாள் மனைவியாவது ஒரு சிறு கூட்டத்தின் தனி வழக்கம் என்பது போய், ஒரு வட்டாரத்தின் நேர்த்திக்கடன் என்றாகிவிடும். சடங்கு நடுவில் வைத்திருந்தவரைப் புகைப்படம் வெட்டிவிட்டது. இதில் சதி எதுவும் இல்லை. சேலை கட்டாமல் தாலி மட்டும் கட்டிய விவசாயி நல்ல படமாக மாட்டார் என்ற தொழில் கணக்கு மட்டுமே.

சட்டம் வேறு வழியில் போயிற்று. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்த படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது.

இனி முதனை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தார் திருட்டு வழக்கு ஒன்றில் ராசாக்கண்ணுவை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். வழக்கை நடத்தியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. விசாரணை நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 2006இல் உயர் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. பதின்மூன்று ஆண்டுகள் இந்த வழக்கைத் தூக்கிச் சுமந்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தோழர்கள்.

2021 நவம்பர் 2 அன்று த.செ. ஞானவேல் இயக்கத்தில் வந்த ‘ஜெய் பீம்’ ஒரு பிரிக்கும் காட்சியோடு தொடங்குகிறது. சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருகிறவர்களிடம் அதிகாரி சாதி கேட்கிறார். ஒரு சாதிப் பெயருக்கு ‘நீ போ’. இன்னொரு சாதிப் பெயருக்கு ‘நீ ஓரமா நில்லு’. ஓரமாக நின்றவர்களைத் தீராத வழக்குகளில் கணக்குக் காட்டக் காவல் நிலையத்தார் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். படத்தின் இலக்கணம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களிலேயே இருக்கிறது. பிறகு வரும் எதிர்வுகள் எல்லாம் அதன் கிளைகள்: மழையில் இடிந்துவிழும் மண்சுவரும் ராசாக்கண்ணு சூளையில் அறுக்கும் செங்கல்லும், தரையும் நாற்காலியும். ஊர்த்தலைவர் வீட்டில் பாம்பு புகுந்ததால் ராசாக்கண்ணுவை உள்ளே அழைக்கிறார்கள். பிறகு நகை காணாமல் போனதும், உள்ளே வந்தவன் அவன்தானே என்கிறார்கள். நந்தனுடைய தோல் உள்ளே போனது, ஆள் போகவில்லை. இங்கே ஆள் போனதே குற்றத்துக்குச் சான்றாகிறது.

வெளியான சில நாட்களில் ஒரு நாட்காட்டித் தகராறு கிளம்பியது. கொடுமைக்கார உதவி ஆய்வாளரின் வீட்டுச் சுவரில், காட்சியின் பின்னணியில் சில நொடி மட்டும் தெரியும் 1995ஆம் ஆண்டு நாட்காட்டி. அதில் அக்கினிக் கலசம், வன்னியர் சங்கத்தின் சின்னம். உண்மை வழக்கில் தண்டனை பெற்ற அதிகாரி வேறு சமூகத்தவர், கிறித்தவப் பெயர் கொண்டவர். படத்தில் அவருக்குக் குருமூர்த்தி என்று பெயர் வைத்து இந்தச் சின்னத்தையும் மாட்டியது ஏன் என்று வன்னியர் சங்கமும் பாட்டாளி மக்கள் கட்சியும் கேட்டன. படக்குழு அந்த இடத்தில் லட்சுமி படத்தை வைத்தது. ஆண்டைக் காட்டத்தான் நாட்காட்டி, வேறு நோக்கம் இல்லை என்று இயக்குநர் வருத்தம் தெரிவித்தார்.

பார்த் ஏட்டில் எழுதிய மாற்றுச் சோதனையை ஒரு மாநிலமே செய்து பார்த்த தருணம் இது. லட்சுமி வந்ததும் கதையில் ஒரு வசனம்கூட மாறவில்லை, ஆனால் பொருள் மாறியது. கலசம் இருந்தபோது ‘போலீஸ், பழங்குடி’ என்ற எதிர்வுக்குள்ளே ‘இன்ன சாதி, பழங்குடி’ என்ற இன்னொன்றும் இருந்தது. லட்சுமி வந்ததும் அது போய், வில்லன் பொதுவான ஓர் இந்துக் குடும்பத்தவர் ஆனார். ஆட்சேபம் செய்தவர்கள் குறியை மிகச் சரியாகப் படித்தார்கள் என்பதே என் கருத்து. அவர்கள் படித்துவிட்டுச் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்பதாக இதற்குப் பொருள் இல்லை. அடையாளம் வைத்த சுவரில் எதுவும் தற்செயல் அல்ல என்பது வட மாவட்டங்களில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மாடுகளின் கொம்புக்கு அடிக்கும் வண்ணத்தில்கூடக் கட்சி தேடுகிறவர்கள் நாம்.

ஆனால் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்திருந்தது. ராசாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். குற்றப் பழங்குடிச் சட்டம் 1871இல் வந்தது. 1911 சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கொறவர் என்ற பெயரில் குறவர்களும் அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். பிறப்பிலேயே திருடர் என்று அரசே எழுதிவைத்த முத்திரை அது. சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் காவல் நிலையத்தின் நினைவிலிருந்து அழியவில்லை. 1993இல் கம்மாபுரத்துக்கு ராசாக்கண்ணு ஏன் போக நேர்ந்தது என்பதற்கு அந்த முத்திரையும் ஒரு விடை. இருளரைப் பற்றிப் பொதுப்புத்தியில் இருக்கும் படம் வேறு. பாம்பு பிடிப்பவர், எலி பிடிப்பவர், மூலிகை அறிந்தவர், காட்டோடு இருப்பவர். அவர்களும் பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்படுகிறவர்கள்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பார்வையாளர் மனத்தில் இருளர் என்றால் அப்பாவி. அந்தப் பெயரை வைத்ததும் ‘அப்பாவி, கொடியவன்’ என்ற எதிர்வு பளிச்சென்று நிற்கிறது. குறவர் என்ற பெயரை அப்படியே விட்டிருந்தால், ‘இவன் திருடியிருக்கமாட்டான் என்று நான் ஏன் உடனே நம்பவில்லை?’ என்று பார்வையாளர் தன்னையே கேட்க வேண்டி வந்திருக்கும். படம் பல வழக்குகளின் சாயலைச் சேர்த்துச் செய்த புனைவு என்று சொல்வது நியாயமான பதில். புனைவுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ராசாக்கண்ணு என்ற பெயரை வைத்துக்கொண்டு சாதியை மட்டும் மாற்றியபோது படம் எளிதான எதிர்வைத் தேர்ந்தெடுத்தது.

வெட்டுப்பட்டவர்களும் உண்டு. வழக்கைச் சுமந்த உள்ளூர்க் கட்சித் தோழர்களின் வேலையைத் திரையில் பெரிதும் ஓர் ஆசிரியை செய்கிறார். அவரும் சீக்கிரமே வழக்கறிஞருக்கு இடம்விட்டு ஒதுங்குகிறார். குடிசைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள் நின்ற ஊர்க்காரர்கள் மங்கி, ஒரு தனி நாயகன் நடுவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சூர்யா நடிக்கும் படத்தில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். கடைசிக் காட்சியில் சந்துரு கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிக்க, எதிரில் ராசாக்கண்ணுவின் மகளும் தயங்கி, பிறகு அதேபோல உட்கார்ந்து ஒரு தாளை எடுக்கிறாள். தரைக்கும் நாற்காலிக்கும் இருந்த தூரத்தை ஒரு சிறுமியின் முழங்காலை வைத்தே தீர்த்த விதம் அழகு.

இதெல்லாம் திரைக்குள் மட்டும் நடக்கும் விளையாட்டு அல்ல. படம் வெளியாவதற்கு முதல்நாள் சூர்யா இருளர் நலனுக்காக ஒரு கோடி ரூபாயை முதலமைச்சர் முன்னிலையில் கொடுத்தார். பார்வதிக்கு உதவ வேண்டும் என்று மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் கே. பாலகிருஷ்ணன் கடிதம் எழுதிய பிறகு, பத்து லட்சம் ரூபாயை அவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடுவதாக அறிவித்தார். இரண்டும் நல்ல காரியங்கள். எது முதலில் வந்தது, யார் கேட்ட பிறகு எது வந்தது என்பதைத் தீர்மானித்தது திரைக்கதையில் மாறிய ஒரு சாதிப் பெயர்.

நாட்காட்டிக்காக அறிக்கைகள், கடிதங்கள், வழக்குகள் என்று தமிழ்நாடு வாரக்கணக்கில் பேசியது. மறைந்துபோன குறவரைப் பற்றிய பேச்சு அதில் கால்பங்குகூட இல்லை. அரசின் இன்றைய பட்டியலைப் பார்த்தால், இருளர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், மலைக்குறவரும் அதில்தான். 2023இல் நரிக்குறவரும் குருவிக்காரரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ‘குறவன், சித்தனார்’ என்று பதிவான சமூகத்தார் இன்னும் பட்டியல் சாதிகளில்தான் இருக்கிறார்கள்.